மேனேஜருக்குச் சுட்ட பிஸ்கட்

நாய் வளர்க்காதவள் நாய்க்கு பிஸ்கட் சுடுகிறாள் என்று எங்கள் தெருவில் என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரருக்கு மூக்கில் ஒரு நாய் முடி ஏறினால் போதும், நாள் முழுக்கத் தும்மல்தான். அதனால் வீட்டுக்குள் நாய் கிடையாது. ஆனால் தெருவில் இருக்கிற அத்தனை நாய்க்கும் என் அடுப்படி வாசனை அத்துப்படி. கடையில் பளபளக்கிற பையில் விற்கிறானே, அதில் என்னத்தைக் கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? என் பிஸ்கட்டில் ஓட்ஸ் மாவு, வேகவைத்து மசித்த பூசணிக்காய், முட்டை, பீநட் பட்டர். அவ்வளவுதான். உப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு ஆகாது என்பது எனக்கு மனப்பாடம். பீநட் பட்டர் வாங்கப் போனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பேன். கடலையைத் தவிர வேறு ஒரு பெயர் இருந்தாலும் அலமாரியில் திருப்பி வைத்துவிடுவேன். கடைக்காரர் என்னைக் கண்டாலே, “பரீட்சைக்குப் படிக்க வந்துட்டாங்கப்பா” என்பார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழக்கம் வைத்திருந்தேன். தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்து ஆறியதும், முதல் பிஸ்கட்டை நானே தின்பேன். வாங்க வருகிறவர்கள் முன்னாலும் ஒன்றைக் கடித்துக் காட்டுவேன். “என் வாய்க்கு ஒத்துக்காதது எந்த வாய்க்கும் போகாது” என்று ஜம்பமாகச் சொல்வேன். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் என்னை நம்பினார்கள். எனக்கும் அதில்தான் பெருமை.

அன்று காலையிலும் தின்றேன். வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. லேசான இனிப்பு, நாக்கில் ஏதோ ஒரு குளிர்ச்சி. பூசணிக்காய் நல்ல பழமாக வாய்த்துவிட்டது என்று நினைத்து இன்னொன்றையும் தின்றேன். பிறகு பொட்டலம் கட்டி, வழக்கமான வீடுகளுக்கு நானே கொண்டுபோய், அங்கேயும் ஒன்றைக் கடித்துக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதியம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி கேட்டதுமே அவருடைய அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி நல்ல மனுஷி, தம்பி மேல் உயிர். ஆனால் ஒரே அலமாரியில் இரண்டு அரைகுறை டப்பாவைப் பார்த்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அரை டப்பா காப்பித்தூளையும் கால் டப்பா காப்பித்தூளையும் ஒன்றாகத் தட்டி, காலியானதைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் உட்காருவார். எதற்கு வம்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைத் துழாவினார்.

“என் பீநட் பட்டர் எங்க? சக்கரை இல்லாததுன்னு பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்தேனே, சின்ன டப்பா?”

“அதையா தேடுற?” என்றார் அண்ணி, பாத்திரம் கழுவிக்கொண்டே. “ஒரே சாமானுக்கு ரெண்டு டப்பா எதுக்கு அடைச்சுக்கிட்டு நிக்கணும்? பெரிய டப்பாவுலயே வழிச்சுப் போட்டுட்டேன் தம்பி. நல்லா கலக்கியும் வெச்சிருக்கேன்.”

நான் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

“எப்ப அண்ணி கலந்தீங்க?”

“நேத்து சாயங்காலமே. ஏன், ரெண்டும் கடலைதானே?”

சின்ன டப்பா தொட்டிக்குப் பக்கத்தில் சுத்தமாகக் கவிழ்ந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட ஊறவைத்து உரித்துவிட்டார். நான் குப்பைக் கூடையைத் தரையில் கொட்டினேன். முட்டை ஓட்டுக்கும் டீத்தூளுக்கும் நடுவே அந்தத் தாள் சுருண்டு கிடந்தது. உள்ளங்கையில் விரித்துத் துடைத்துப் படித்தேன். கடலை, எண்ணெய், அதற்கடுத்து சைலிட்டால்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நான் பிஸ்கட் செய்ய ஆரம்பித்த புதிதிலேயே நாய் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சர்க்கரை இல்லை என்று பெரிதாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று படி என்றார். மனிதன் தின்றால் அது வெறும் இனிப்பு. நாய் தின்றால், அதன் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைச் சடசடவென்று இறக்கிவிடும். கால் துவளும், வலிப்பு வரும். அதிலிருந்து தப்பினாலும் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சூட்டில் வைத்தாலும் போகாது. அதற்காகத்தானே நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடையில் அத்தனை கூத்தும் அடித்தேன்? கடையில் படித்தேன். என் அலமாரியில் இருப்பதைப் படிக்கவில்லை. தின்று பார்த்தேன். அந்தக் குளிர்ச்சியை ருசி என்று நினைத்தேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தேன்.

பக்கத்துத் தெரு நர்ஸம்மா, “இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லக்கா” என்றார். அப்படியே குப்பையில் போடச் சொன்னேன். பஸ் டிரைவர் வீட்டில் அவருடைய மகள் எடுத்தாள். நாய் குளிக்கப் போயிருக்கிறது, வந்ததும் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். “வேணாம், வேணாம், தொடாத” என்று நான் கத்திய கத்தலில் அவள் பயந்துபோனாள். மிச்சம் இருந்தது மாஸ்டர் மட்டும்தான். மாஸ்டருக்குப் போன் செய்து ஒரு புண்ணியமும் இல்லை, அவருக்குக் காது கேட்காது. செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததே தவிர, அவர் பார்க்கவில்லை. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் போனைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவது அவர் பழக்கம்.

மாஸ்டர் எங்கள் எதிர்வரிசையில் இருக்கிற தையல்காரர். இளவயதில் ஏதோ காய்ச்சல் வந்து காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். நம் உதட்டைப் பார்த்து நாம் பேசுவதைப் புரிந்துகொள்வார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. முன்னறை கடை, பின்னறையில் மெஷினும் கட்டிலும். அந்த வீட்டுக்குக் காது என்று இருந்தது அவருடைய நாய்தான். கறுப்பும் வெள்ளையுமாக, நீளமான உடம்பும் குட்டைக் கால்களுமாக இருக்கும். வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்தார். ஆனால் வேலை செய்யாமல் இல்லை. யாராவது மணியை அழுத்தினால் ஒரு குரல் குரைக்கும். பின்னறைக்கு ஓடி, மாஸ்டரின் முழங்காலை மூக்கால் இடிக்கும். அவர் எழுந்து வருவார். மணி அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒன்று மாட்டிக்கொள்ளச் சொல்லி நானே ஒருமுறை சொன்னேன். “மேனேஜருக்குச் சம்பளம் குடுத்து வெச்சுக்கிட்டு லைட்டு எதுக்குத் தங்கச்சி?” என்றார். சம்பளம் என்பது என் பிஸ்கட்.

செருப்பு போடாமல் ஓடினேன். ஓடிக்கொண்டே நாய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள். “உடனே கூட்டிட்டு வாங்க. வாந்தி எடுக்க வைக்கப் பாக்காதீங்க. துவண்டு கிடந்தா தேனைத் தொட்டு ஈறுல தடவுங்க, வாயில ஊத்திடாதீங்க. அந்த லேபிளைக் கையோட கொண்டு வாங்க.” தேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துக் கத்தினேன்.

கடைக் கதவு சாத்தியிருந்தது. மணியை அழுத்தினேன்.

உள்ளே மணி அடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குரைப்புச் சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றேன். அந்த மணி இப்படி அடித்தால் மேனேஜர் கதவைப் பிறாண்டிக் கிழித்திருப்பான். கதவுக்குப் பின்னால் நகச் சத்தம்கூட இல்லை. பின்னறையிலிருந்து மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மனிதர் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

கதவை இரண்டு கையாலும் குத்தினேன். “மாஸ்டரண்ணே! மாஸ்டரண்ணே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, யாரிடம் கத்துகிறேன் பைத்தியக்காரி என்று. அந்த வீட்டில் என் குரலைக் கேட்கக்கூடிய ஒரே காதை நான்தான் காலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அடைத்திருக்கிறேன்.

பக்கச் சந்துக்குள் ஓடிப் பின்பக்க ஜன்னலைப் பார்த்தேன். அழுக்கு படாமல் இருக்கத் துணிகளைத் தொங்கவிட்டு ஜன்னலையே மறைத்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். துணி ஆடவில்லை. கல்லைத் தேடினேன். சிமெண்ட் போட்ட சந்தில் கல்லுக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் தேன் பாட்டிலோடு ஓடிவந்து, “பூட்டை உடைச்சிடலாமா?” என்றார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிற கதவில் எந்தப் பூட்டை உடைப்பது?

அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது. எந்த சுவிட்ச் எந்த வீட்டுக்கு என்று எழுதியிருந்த தாள் என்றைக்கோ மங்கிப்போயிருந்தது. ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மொத்தக் கட்டடத்துக்குமான பெரிய கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

மெஷின் சத்தம் நின்றது.

மாடியில் யாரோ, “எவன்டா அது கரண்டுல கைய வெச்சது?” என்று கத்தினார்கள். கத்தட்டும். நான் கடைக் கதவுக்கு ஓடினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. தாழ்ப்பாள் விலகியது. கழுத்தில் அளவு நாடாவோடு, மீட்டர் பெட்டியைப் பார்ப்பதற்காக மாஸ்டர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்க தங்கச்சி! கரண்டு போச்சு பாருங்க!”

நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். துணி வெட்டுகிற மேஜைக்குக் கீழே மேனேஜர் படுத்திருந்தான். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் சன்னமாக உதறிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை, பக்கத்தில் கொஞ்சம் வாந்தி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முன்னங்கால் இரண்டும் வழுக்கிக்கொண்டு போய், தாடை தரையில் இடித்தது. அவன் மறுபடியும் எழுந்திருக்கப் பார்த்தான். வாசலில் ஆள் வந்தும் தான் குரைக்கவில்லையே என்று அவனுக்குப் பதறியதோ என்னவோ. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மேஜை மேல் என் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அடியில் இரண்டு மூன்று உடைசல்தான் மிச்சம்.

மாஸ்டர் மண்டி போட்டு உட்கார்ந்து நாயின் தலையைத் தூக்கினார். “டேய், என்னடா? மேனேஜர்! என்னடா செய்யுது?” நான் தேனை விரலில் தொட்டு அவன் ஈறில் தடவினேன். பல் என் விரலில் கடகடவென்று தட்டியது. மாஸ்டர் என் தோளைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“நல்ல வேளை நீங்க வந்தீங்க! கடவுள்தான் அனுப்பிச்சிருக்கார்!” என்றார்.

நான் உதட்டை அசைத்து, “ஆஸ்பத்திரி” என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. தைரியம்தான் இல்லை.

என் வீட்டுக்காரரின் பழைய காரில் போனோம். அவர் தும்மிக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு தும்மலுக்கும் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. பின்சீட்டில் மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேன் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு திருப்பத்தில் நாயின் கால்கள் விறைத்து, கழுத்து பின்னால் வளைந்தது. மாஸ்டர் அவனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓவென்று அலறினார். அந்த அலறல் எவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது. இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி மேஜையில் மேனேஜரைக் கிடத்தியதும் டாக்டரம்மா விரலால் கண்ணை விரித்துப் பார்த்தார். இன்னொருத்தர் அவன் காலில் முடியைச் சிரைத்து ஊசி ஏற்ற இடம் தேடினார்.

“என்ன தின்னான், எவ்வளவு, எப்ப? சரியா சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

“காலையில இருந்து பிஸ்கட்டு மட்டும்தான் டாக்டர். அவசர வேலை, பக்கத்துல வந்து நச்சரிச்சுக்கிட்டே இருந்தான். கிட்டத்தட்ட எல்லாத்தையும் குடுத்துட்டேன். ஆனா அதுல ஒண்ணும் இருக்காது. இவங்க கையால செஞ்சது. தின்னு பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. என் கண்ணு முன்னாலயே தின்னாங்க. வேற எதையோ தெருவுல பொறுக்கித் தின்னிருக்கான்.”

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது, வெளியே பூனையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் கை முஷ்டிக்குள் அந்த ஈரத்தாள் கசங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எனக்கு முதுகு காட்டி நின்றார். டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னால் போதும், மாஸ்டருக்குத் தெரியாது. யாரும் திரும்ப அவரிடம் போய்ச் சொல்லப்போவதும் இல்லை. தெருவில் எதையோ தின்றுவிட்டான் என்று ஆயுசு முழுக்க நம்பிக்கொண்டிருப்பார். அப்படித் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

“அந்த பிஸ்கட்லதான் இருந்துச்சு மாஸ்டரண்ணே. நாய்க்கு விஷம். டப்பா மாறிப் போச்சு. நான் பாக்கல.”

அவர் என் உதட்டை உற்றுப் பார்த்தார்.

“திரும்பச் சொல்லுங்க.”

திரும்பச் சொன்னேன். அவர் முகத்தில் கோபம் வரும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். கோபம் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காது கேட்காத மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்குப் பிறகு நாம் என்ன அழுதாலும் அவரிடம் போய்ச் சேராது.

டாக்டரம்மா தாளை வாங்கிப் படித்தார். எத்தனை கரண்டி போட்டேன், எத்தனை பிஸ்கட் வந்தது என்று கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். “சக்கரையை ஏத்திடலாம். ஈரல் எப்படி இருக்குன்னு ரெண்டு மூணு நாள் போனாத்தான் சொல்ல முடியும். இங்கயே இருக்கட்டும்” என்றார். தகவல் சொல்ல மாஸ்டரின் நம்பரைக் கேட்ட பெண், அவருக்குக் காது கேட்காது என்றதும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். என் நம்பரைக் கொடுத்தேன். வேறு யாருடைய நம்பரைக் கொடுப்பது?

மறுநாள் காலை, கூப்பிடாமலேயே மாஸ்டர் கடைக்குப் போனேன். கதவைத் தாழ் போடாமல் திறந்து வைத்திருந்தார். வேறு வழி இல்லை. வாசலில் மேனேஜர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் போ என்று சொல்லவில்லை. யாராவது வந்து மணி அடித்தால் பின்னறைக்குப் போய் அவர் மேஜையைத் தட்டுவேன். என்னைப் பார்க்காமலே எழுந்து வருவார். வாடிக்கையாளர் ஒருத்தர், “எங்க நம்ம மேனேஜர்?” என்று கேட்டார். “லீவு” என்றார் மாஸ்டர். என்னைக் கையால் காட்டி, “இது டெம்பரரி” என்றார். வந்தவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அண்ணி சாப்பிடாமல் கிடந்தார். “நான் வந்திருக்கவே கூடாது” என்று புலம்பினார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. அப்புறம் அவர் ஒரு டப்பாவை எடுத்தால் தொடலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்ப்பதைக் கண்டு, அந்த ஆத்திரமும் போய்விட்டது. பிஸ்கட் தட்டுகளைப் பரண் மேல் ஏற்றினேன். நர்ஸம்மாவும் பஸ் டிரைவரும் போன் செய்து விசாரித்தார்கள். அடுத்த பொட்டலம் எப்போது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் வந்தது. சர்க்கரை ஏறியிருக்கிறது, மறுபடி இறங்கிவிட்டது, ஊசி போட்டிருக்கிறோம். ஈரல் சோதனையில் எண் ஏறிக்கொண்டு போகிறது. சாப்பாட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒவ்வொன்றையும் மாஸ்டருக்கு நேராக நின்று அப்படியே சொன்னேன். நல்லது கெட்டது எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. அப்போது மட்டும்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லி முடித்ததும் துணிப் பக்கம் திரும்பிவிடுவார். ராத்திரியெல்லாம் எனக்குக் கனவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் குரைக்கவில்லை.

அப்படி ஒரு நாள் காலை நான் பின்னறையில் நின்று, அவர் வெட்டிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் கோட்டுக்காக எடுத்த கறுப்புத் துணி விரித்திருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

வழக்கமாகச் சாயங்காலம்தான் கூப்பிடுவார்கள். காலையில் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? போன் அடிக்கிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எடுக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்காதவரை அவன் உயிரோடுதான் இருக்கிறான். அவரும் இப்படியே தைத்துக்கொண்டிருப்பார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

“ஈரல் எண் பாதிக்குப் பாதி இறங்கிடுச்சும்மா” என்றார் டாக்டரம்மா. “காலையில தானா எழுந்து நின்னான். சோறும் கோழியும் வேகவெச்சுக் குடுத்தோம். தட்டையும் சேத்து நக்கிட்டான். இனிமே பயமில்ல.”

நன்றி சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் ஒரேயடியாகப் பொத்துக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் மெஷின் நின்றிருக்கிறது. மாஸ்டர் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“போயிட்டானா?” என்றார்.

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். சொல்லப் பார்த்தேன், உதடு கோணிக்கொண்டு போனது. அழுகிற வாயை அவரால் எப்படிப் படிக்க முடியும்? நான் ஆட்டிய தலையையும் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கால் மடங்கி, மேஜைக்குக் கீழே அவன் படுக்கிற சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இனி நான் எதைச் சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. துணியில் கோடு போட மேஜையில் வைத்திருந்த வெள்ளைச் சாக்குக்கட்டியை எடுத்தேன். அந்தக் கறுப்புத் துணியில், கோட்டாவது ஒன்றாவது என்று, முழ நீளத்துக்கு எழுதினேன். துணியை உருவிக் கீழே இழுத்து, அவர் கைகளைப் பிடித்து விலக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

சாப்பிட்டான்.

அவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அந்த ஒரு சொல்லைப் படித்தார். பிறகு கேட்டார், எப்போதும் போல எதிர்வீட்டுக்கும் மாடிக்கும் கேட்கும்படி.

“யாரு சமைச்சது?”

திறந்திருந்த கடைக் கதவு வழியே, எதிரே எங்கள் வீட்டு ஜன்னலில் அண்ணியின் தலை தெரிந்தது. மாடியில் யாரோ நடப்பதை நிறுத்தினார்கள். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழாமல், அவர் படிக்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“நான் இல்லண்ணே. ஆஸ்பத்திரியில சமைச்சது.”

அதற்குப் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.